பெட்ரோல் பங்குக்கு நடந்து வந்தவர்

அந்த அம்மா ஊருக்குத் திரும்பிப் போகாமல் அமெரிக்காவிலேயே இருந்துகொண்டதற்குக் காரணம் நான்தான் என்று முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறேன். கல்யாண வரவேற்புகளில் சொல்லியிருக்கிறேன். கோயில் கேன்டீன் வரிசையில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொன்னேன். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியை இப்போது எழுதிவிடுகிறேன். வாயால் சொல்லும்போது சுலபமாக மறைத்தது, எழுதும்போது மறைய மாட்டேன் என்கிறது.

அவர் பெயரை எழுத மாட்டேன். காரணம் பின்னால் தெரியும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் போடுகிறவனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சங்ககிரியில் லாரி கிளீனராக ஆரம்பித்தவன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஆகவே ஒன்பது வருடப் படிப்பு. அங்கிருந்து குவைத் ஒர்க்‌ஷாப், அங்கிருந்து கப்பல் என்ஜின் ரூம், அங்கிருந்து நியூ ஜெர்சி. எண்பதுகளில் பிரிட்ஜ்வாட்டரில், இருபத்திரண்டாம் நம்பர் ரோட்டின் மேலேயே எனக்குச் சொந்தமாகப் பெட்ரோல் பங்கு. ஒருத்தர் சிபாரிசு கிடையாது. இந்த மாநிலத்தில் வண்டிக்காரர் தன் கையால் பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது, நாம்தான் போட வேண்டும். டாக்டர், என்ஜினீயர், விஞ்ஞானி எல்லோரும் என் முன்னால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தவர்கள்தான்.

காத்திராதவர் அந்த அம்மா ஒருவர்தான். அவருக்கு வண்டி கிடையாது.

முதல்முதலாக அவரைப் பார்த்தது ஒரு ஏப்ரல் மாதக் காலை. அந்த ரோட்டில் நாய்கூட நடக்காது. நடைபாதை என்று ஒன்று கிடையாது, லாரிகள் காற்றாக ஓடும். அந்த ஓரத்தில் ஒரு குடை வருகிறது. குடைக்குக் கீழே மெல்லிய வாயல் புடவை, அதன் மேல் ஆண்கள் போடும் பழுப்பு ஸ்வெட்டர், காலில் ஆண்கள் போடும் கறுப்பு ஷூ, கையில் மஞ்சள் பை. மருமகளோடு சண்டை, வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, தமிழ்தானே?"

"ஆமாங்க அம்மணி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்த லாரியப் பாத்து 'சனியனே'ன்னு வஞ்சியள்லா, ரோட்டுக்கு அந்தப் பக்கமே கேட்டுட்டு."

"வண்டி எங்கீங்க நின்னு போச்சு?"

"வண்டி இல்ல. நடந்துதான் வாரேன். இங்கன ஒரு ஆறு ஓடுதாமே, அதுக்கு எப்படிப் போவ?"

நான் ரோடு மேப் ஒன்றை எடுத்து ஒரு காரின் பானெட் மேல் விரித்தேன். மேப்பை விரித்தால் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். ராரிட்டன் ஆற்றை விரலால் காட்டினேன். பாலத்தின் மேல் காரில் போனால் நன்றாகத் தெரியும் என்றேன்.

"தாண்டிப் போறதுக்குக் கேக்கல அண்ணாச்சி. கிட்டப் போறதுக்குக் கேக்கேன்."

அந்த மேப்பில் அதற்கு வழி இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. ஆகவே மேற்கே இரண்டு ஆறு வந்து ஒன்றாகச் சேரும் இடத்தைக் காட்டினேன்.

"எங்க பவானியில இதைக் கூடுதுறைம்போம். அருமையான எடமுங்க."

"நீங்க பாத்திருக்கியளா?"

"பாக்காம?"

நான் பார்த்ததே இல்லை. அவர் மேப்பைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். அச்சு முறுக்கு.

"எதுக்குங்க அம்மணி இதெல்லாம்?"

"வெறுங்கையோட ஒரு எடத்துக்குள்ள போவக்கூடாது. எங்காளு அப்படித்தான். துணி, புகையில, தூண்டி முள்ளு, ஏதாவது கையில வச்சிக்கிட்டுத்தான் ஒரு ஊருக்குள்ள நொழைவா. சும்மா வந்தா உளவு பாக்க வந்தவன்னு நெனப்பாவ. கொண்டு குடுத்து வாங்க வந்தவன்னா ஒருத்தரும் ஒண்ணும் செய்யமாட்டாவ."

இந்த "எங்காளு" யார் என்று எனக்கு விளங்குவதற்கு அடுத்த மூன்று பொட்டலம் ஆனது.

எங்காளு ஒரு வெள்ளைக்காரி. இவர் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போனவள். முப்பது வயது வரை இங்கிலாந்தில் வீட்டை விட்டு வெளியே வராதவள். அப்பா தேசம் தேசமாகச் சுற்றுகிறவர். அம்மா படுத்த படுக்கை. மகள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டு, அப்பாவின் புத்தகங்களை எடுத்துப் படித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஒரே வருடத்தில் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். துக்கத்துக்குக் கறுப்பு உடை போட்டவள், அதே உடையோடு கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் போய் இறங்கிவிட்டாள். தனியாக. மீன் பிடித்துப் பாட்டிலில் போட்டு மியூசியத்துக்கு அனுப்பினாள். காட்டுக்குள்ளும் கழுத்து முட்டச் சட்டை, தரை கூட்டும் பாவாடை, கையில் குடை.

"பேரு என்னங்க அம்மணி?" என்று கேட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. தன் புருஷன் பெயரை அவர் தாராளமாகச் சொல்வார். வெள்ளைக்காரி பெயரைத்தான் கடைசி வரை வாயால் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இவர் பெயரை நான் சொல்லாமலிருப்பது அதனால்தான்.

அந்த வெள்ளைக்காரி கதை இருந்த புத்தகம் அவருக்குக் கிடைத்தது பாளையங்கோட்டையில். மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். கெட்டிக்காரர்கள் பீரோவும் கட்டிலும் எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்திருந்த இந்தப் பெண்ணுக்கு ஒரு தடிமனான புத்தகமும் ஒரு குடையும் வந்தன. கல்யாணம் ஆனது. மாமியார் படுக்கையில் விழுந்தார், எட்டு வருடம். அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மூச்சு விடுவதற்குள் கணவர் படுத்தார், மூன்று வருடம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்தார். கணவரும் போன பிறகு மகன் கிரீன் கார்டு எடுத்து இங்கே கூட்டி வந்தார்.

"எங்காளு முப்பதுல வெளிய வந்தா அண்ணாச்சி. எனக்கு அம்பத்தெட்டு ஆயிட்டு. அதான் கொஞ்சம் வெரசா நடக்கேன்."

புத்தகத்தை ஒருநாள் கொண்டுவந்து காட்டினார். நான் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். கடைசித் தாளைக் காணோம்.

"கரையான் தின்னுட்டு அண்ணாச்சி."

மற்றத் தாள்களில் குண்டூசி நுழைகிற அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. போன தாளின் ஓரமோ ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது. "உங்க ஊருக் கரையான் ரொம்ப ஒழுக்கமானதாட்ட இருக்குதுங்களே" என்றேன். அவர் கேட்காதது போலக் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த வெள்ளைக்காரி மேல் ஒரு பொறாமை இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கையில் ஒன்றுமில்லாமல் கண்டம் தாண்டியவன் நான். என் கதையைக் கேட்க வேண்டிய நேரத்தில் இவர் அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ ஓடத்துல இருக்கா. ஒரு முதல முன்னங்காலத் தூக்கி ஓடத்து மேல வச்சிட்டு. எங்காளு துடுப்ப எடுத்து மூஞ்சியிலயே ஒண்ணு போட்டா. போயிட்டு."

"முதலை என்னங்க அம்மணி பெரிய முதலை. ஒகேனக்கல்ல பரிசல்ல போறப்ப இந்தா, இவ்வளவு கிட்டத்துல நான் பாத்திருக்கறேன்."

"அடிச்சியளா?"

"அது தூங்கிட்டிருந்துச்சுங்க."

இன்னொரு தடவை அவள் மிருகத்துக்கு வெட்டிய குழியில் விழுந்துவிட்டாளாம். குழிக்கடியில் முளை முளையாகக் கூராகச் சீவி நட்டு வைத்திருந்தார்கள். கனமான பாவாடை பந்தாகச் சுருண்டு அடியில் மெத்தை போலக் கிடந்ததால் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தாள். கால்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும் என்பது இந்த அம்மாவின் கட்சி. மருமகள் ஒரு பேன்ட் வாங்கிக் கொடுத்தபோது இந்தக் கதையைச் சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்.

அவர் என் பங்கை "பேக்டரி" என்றுதான் சொல்வார். "நாளைக்கு பேக்டரிக்கு வாரேன் அண்ணாச்சி" என்பார். இது பேக்டரி இல்லை, பெட்ரோல் பங்கு என்று நாலு தடவை திருத்தினேன். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் காட்டோரம் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த வியாபாரக் கொட்டகைக்கு அதுதான் பெயராம். காட்டுக்குள் போகுமுன் அவள் சாமான்களை அங்கே வைத்துவிட்டுப் போவாளாம். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே எனக்கு ஒரு பேக்டரி இருப்பதாக ஒரு பெண்மணியே சொல்கிறார் என்று எழுதினேன்.

சாமான்களையும் வைத்தார். என் ஆபீஸ் ஜன்னல் விளிம்பில் ஊறுகாய் பாட்டில்கள். ஒன்றில் ஓடைத் தண்ணீர், ஒன்றில் நீல இறகு, ஒன்றில் ஏதோ ஒரு வண்டு. வீட்டில் வைத்தால் மருமகள் தூக்கிப் போட்டுவிடுகிறாளாம். ஒரு நோட்டும் இருந்தது. அமெரிக்கர்களை அவர் அதில் "சுதேசிகள்" என்று எழுதுவார். டீ குடித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டுவார். சுதேசிகள் புல்லை உரம் போட்டு வளர்த்து, வெட்டி, மாட்டுக்குக் கொடுக்காமல் குப்பையில் போடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு நாற்காலி உண்டு. அதில் ஒருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுதேசிகள் துணியை மிஷினுக்குள் காயவைத்துவிட்டு, தாங்கள் வெயிலில் காய்கிறார்கள்.

அந்தக் கூடுதுறையை விடாமல் தேடினார். முதல் தடவை ரோட்டோரம் இரண்டு மைல் போவதற்குள் போலீஸ் வண்டி நின்றது. மீசை வைத்த ஒரு இளம் போலீஸ்காரர். கார் ரிப்பேரா என்று கேட்டாராம். "நோ கார். ரிவர்" என்று சொல்லி முறுக்கை நீட்டியிருக்கிறார் அம்மா. அவர் முறுக்கை வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். தெரு முழுக்க ஜன்னல் திரை விலகியது. மகனுக்கு அவமானம்.

இரண்டாம் தடவை ரோட்டை விட்டு ஓடையோடு போனார். அந்த ஓடை ஒரு வேலிக்கு அடியில் நுழைந்தது, இவரும் நுழைந்தார். அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். பந்து வருகிறது, விலகு என்பதற்கு அங்கே 'ஃபோர்' என்று கத்துவார்கள். அவர் வாயால் கேட்டால்தான் அதற்கு ருசி.

"நல்ல புல்லு அண்ணாச்சி, ஒரு மாடு இல்ல. நாலஞ்சு பேரு கம்ப வச்சிக்கிட்டு நிக்காவ. என்னப் பாத்ததும் 'ஃபோர், ஃபோர்'னு கத்துதாவ. நான் திரும்பிப் பாத்தேன். நாலு பேரு எங்க? நான் ஒத்தையிலல்லா வாரேன். 'நோ ஃபோர், ஒன்லி ஒன்'னு ஒத்த வெரலக் காட்டுனேன். அதுக்குள்ள என்னமோ வந்து வயித்துல பொத்துன்னு விழுந்துட்டு."

"ஐயோ. அடியா அம்மணி?"

"கொசுவத்துல சிக்கிக்கிட்டு. சீலை, அதுக்குள்ள பாவாட, அதுக்குள்ள குளிருக்கு அவுக வேட்டி ஒண்ணு சுத்தியிருந்தேன். பந்து உள்ள வர முடியல, வெளிய போவவும் முடியல." ஸ்வெட்டர் பையிலிருந்து வெள்ளைப் பந்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "அவ பாவாடைக்கு ஒரு குழி. என் சீலைக்கு ஒரு பந்து."

பந்தைத் திருப்பிக் கேட்டார்களாம். இவர் கொடுக்கவில்லை. அன்றே அது ஒரு ஊறுகாய் பாட்டிலுக்குள் போனது. மைதானத்துக்காரர்கள் கூப்பிட்டு வந்ததும் அதே மீசைப் போலீஸ்காரர்தான். இந்தத் தடவை முறுக்கு இருக்கிறதா என்று அவரே கேட்டாராம்.

மகன் முறுக்கு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை என் பங்குக்கு வந்து காரின் கண்ணாடியை இறக்கினார். டெலிபோன் கம்பெனியில் என்ஜினீயர், தங்கமான பிள்ளை, எப்போதும் அவசரம்.

"அங்கிள், அம்மா உங்க பேச்சைத்தான் கேக்கறாங்க."

"அது எல்லாரும் கேப்பாங்க தம்பி."

"ரெண்டு தடவை போலீஸ் கார்ல வந்து இறங்கிட்டாங்க. தெருவே பாக்குது. நான் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு ஃபோனுக்கும் நடுங்கறேன். ஊர்ல பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டார். பாத்துக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு அதுல எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. டிக்கெட் புக் பண்ணிட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமை."

"அம்மணி என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ஆனா அன்னையிலேர்ந்து நடக்கவே போகலை, சோபாவுலயே உக்காந்திருக்காங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு அங்கிள். நீங்க கொஞ்சம் பேசி, சந்தோஷமா போற மாதிரி கன்வின்ஸ் பண்ணுங்களேன்."

"இத என்கிட்ட உடுங்க தம்பி. புதன்கிழமை அம்மணியை இங்க அனுப்புங்க. சிரிச்சுக்கிட்டு ஏறுவாங்க பிளேன்."

சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொந்த மைத்துனர் படுத்திருக்கிறார், கூப்பிடுகிறார்கள், போவதுதானே முறை. எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் பெரும்பாலும் நல்ல யோசனைகள். அந்த வெள்ளைக்காரி மட்டும் காட்டிலேயேவா இருந்திருப்பாள்? ஒருநாள் ஊர் திரும்பி, வீட்டைக் கூட்டி, சொந்தக்காரர்களோடு சேர்ந்து நிம்மதியாக இருந்திருப்பாள். அது கரையான் தின்ற அந்தத் தாளில் இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, "உங்காளே திரும்பிட்டாங்க அம்மணி" என்று ஒரு போடு போட்டால் போதும்.

அதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லைப்ரரிக்குள் போனேன். கைகளை இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஆப்பிரிக்கா" என்றேன். "ஓல்டு டைம். லேடி. லாங் ஸ்கர்ட். க்ராக்கடைல்." கையைத் துடுப்பாக்கி மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்துக் காட்டினேன்.

அந்த அம்மா இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. எழுந்து போய் நேராக ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். பெயரையும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. "லாஸ்ட் பேஜ் ஒன்லி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எனக்காக மெதுவாகப் படித்தார். பாதி வார்த்தையிலிருந்தும் பாதி அவர் முகத்திலிருந்தும் புரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியது உண்மை. ஆனால் நிம்மதியாக உட்காரவில்லை. ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியில் ஒரு சண்டை வந்தது. சிறை பிடித்து வைத்திருந்த சிப்பாய்களுக்கு விஷக்காய்ச்சல். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் அல்லவா, போனாள். இரண்டு மாதத்தில் அந்தக் காய்ச்சல் அவளையே கொண்டுபோய்விட்டது. முப்பத்தேழு வயது. தன்னைக் கடலில் போட்டுவிடச் சொல்லியிருந்தாள். போட்டார்கள். பெட்டி முங்கவில்லை. மிதந்துகொண்டு போனதை மறுபடி பிடித்து வந்து, நங்கூரத்தைக் கட்டி முக்கினார்கள்.

நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டவன் திருப்பவில்லை. ஒரு தாளில் இவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

புதன்கிழமை அம்மா வந்தார். அன்றைக்கு நடையில் வேகம் இல்லை. குடையை மூலையில் சாய்த்துவிட்டு ஜன்னல் பாட்டில்களைப் பார்த்தார்.

"இதையெல்லாம் நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. ஏர்போர்ட்டுல விடமாட்டாவ."

நான் காபி கொடுத்தேன். மகனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் நிற்கிறது, நங்கூரம் ஒரு பக்கம் நிற்கிறது. நான் வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

"அம்மணி, உங்க ஆளோட கடைசித் தாளு என்னாச்சுன்னு நான் கண்டுபிடிச்சுட்டேனுங்க."

அவர் காபியைக் கீழே வைத்தார்.

"அவங்க ஊருக்கே திரும்பலைங்க. அந்த ஆத்துலயே மீன் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டாங்களாமா. எம்பத்தேழு வயசு. காலையில மீனு, சாயங்காலம் நடை. ஒரு தலைவலி கிடையாது."

"யாரு சொன்னா?"

"லைப்ரரியில நானே படிச்சனுங்க."

"இங்கிலீசுலயா?"

"ஒம்பது வருசம் படிச்சவனுங்க நான்."

அவர் என்னையே பார்த்தார். 

"முப்பத்தேழு" என்றார். "எம்பத்தேழு இல்ல அண்ணாச்சி. முப்பத்தேழு."

நான் ஜன்னல் பாட்டில் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

"கரையானும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் கிழிச்சேன். அத்தை படுத்து அஞ்சாவது வருசம் படிச்சு முடிச்சேன். அந்தத் தாளுக்கு வந்ததும் அப்படியே நேரா மடிச்சுக் கிழிச்சு, கஞ்சி கொதிச்ச அடுப்புலயே வச்சிட்டேன். அத வச்சிக்கிட்டு மிச்ச வருசத்த எப்படி ஓட்ட?"

"தெரிஞ்சுமா அம்மணி போறேன்னு சொன்னீங்க?"

"கூப்புட்டா போயிரணும்னு ஒரு பழக்கம் அண்ணாச்சி. மவன் 'எக்ஸ்பீரியன்ஸ்'னு சொன்னான் பாத்தியளா, வாய் தன்னால 'சரி'ன்னுட்டு. எங்காளுக்கும் அதேதான். முதலயத் தாண்டுனா, குழியத் தாண்டுனா, காட்டத் தாண்டுனா. ஒருத்தர் படுத்துக்கிட்டுக் கூப்புட்டத மட்டும் அவளால தாண்ட முடியல."

வெளியே ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் போகவில்லை. காத்திருக்கட்டும் என்று விட்டேன்.

அவர் பாட்டிலுக்குள் இருந்த கோல்ஃப் பந்தைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஃபோன் எங்கன இருக்கு?"

நானே நம்பரைச் சுழற்றிக் கொடுத்தேன். மகன் எடுத்தார்.

"தம்பி, அம்மா பேசுதேன். நான் ஊருக்குப் போவலப்பா… ஆமா, போவல… கேன்சல் பண்ணணும்னா பண்ணு… நானா ஒண்ணும் முடிவு பண்ணல, இந்த அண்ணாச்சிதான் போவக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. பெரியவுக சொன்னாத் தட்ட முடியுமா?… பெரியப்பாவுக்குத் தூத்துக்குடியில மூணு மவன் இருக்கானுவள்லா. அவனுவளுக்கும் கொஞ்சம் எக்ஸ்பீரியன்ஸ் வரட்டும்."

நான் இரண்டு காலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மணி, பழியத் தூக்கி என் மேல போட்டுட்டீங்களே" என்றேன், அவர் போனை வைத்ததும்.

"உங்களுக்குப் பெருமைதான அண்ணாச்சி. வச்சிக்கிடுங்க."

இதுதான் மீதிக் கால். நான் போகாதே என்று சொல்லவே இல்லை. பொய் சொன்னேன், அதிலும் பிடிபட்டேன். அவர் கொடுத்துவிட்டுப் போன பெருமையைத்தான் இத்தனை வருடம் என்னுடையதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் அன்றிலிருந்து எதிர்ப் பக்கத்துப் பங்கில்தான் பெட்ரோல் போட்டார். கலிபோர்னியாவுக்கு வேலை மாறிக் குடும்பத்தோடு அங்குள்ள டப்ளின் என்ற ஊருக்குப் போகும் வரை, ஏழு வருடம், என் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. அந்த ஏழு வருடமும் அந்த ரோட்டோரம் குடை போய்க்கொண்டுதான் இருந்தது. மீசைப் போலீஸ்காரர் ஹாரன் அடித்துக் கையாட்டுவார், அவ்வளவுதான். பிடித்து ஏற்றுவதை அவரும் விட்டுவிட்டார்.

அந்தப் புதன்கிழமை, போனை வைத்துவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். மேற்கே பார்த்தார்.

"கூடுதுறைக்குப் போயிட்டு வாரேன். நீங்களும் வாரியளா? நீங்க பாக்காத எடந்தானே."

அதுவும் தெரிந்திருக்கிறது. பங்கை யார் பார்ப்பது என்று ஏதோ முனகினேன். காத்திருந்த கார்க்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். அம்மா இரண்டு எட்டு வைத்தவர், திரும்பினார்.

"பொட்டி முங்கலன்னு படிச்சாவளா அண்ணாச்சி?"

"படிச்சாங்க அம்மணி. நங்கூரத்தக் கட்டித்தான் முக்குனாங்களாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியளா" என்றார். "செத்த பெறவும் சுத்தத்தான் பாத்திருக்கா, ஊர்சுத்தி."

குடையை விரித்துக்கொண்டு, லாரிகள் போகிற பக்கமாகவே நடந்து போனார்.